மிஸ்ஃபயர் என்ற ஊர்

பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் ஏதாவது ஒரு திட்டம் சொதப்பிவிட்டால் 'மிஸ்ஃபயர் ஆயிடுச்சு' என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்றைக்கும் ஓர் ஊர்தான். அந்த ஊரில் ஓட்டு வீடுகள் இருக்கும், சின்னதாக ஒரு ரயில் நிலையம் இருக்கும், அங்கே பெஞ்சில் என் தாத்தா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏழு வயதுவரை நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதில் என்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோலார் தங்கவயலில் பிறந்த குழந்தைக்கு எந்த ஆங்கிலச் சொல் ஊர்ப்பெயர், எது வெறும் சொல் என்று யார் பிரித்துச் சொல்வது? வெள்ளைக்காரன் சுரங்கம் தோண்டிய கையோடு வாய்க்கு வந்த பெயர்களையும் இறைத்துவிட்டுப் போயிருந்தான். என் வகுப்புத் தோழி ஸ்கெலட்டனிலிருந்து வருவாள். ஸ்கெலட்டன் என்றால் எலும்புக்கூடு என்று டீச்சர் கரும்பலகையில் படம் வரைந்து காட்டினார். அவளோ நாங்களோ அதற்காகப் பதறவில்லை. எலும்புக்கூட்டில் மனிதர்கள் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தும்போது மிஸ்ஃபயரில் என் தாத்தா இருக்கக் கூடாதா?

வீட்டில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "தாத்தா மிஸ்ஃபயர்ல போயிட்டாரு." பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டுக்குப் போனார், வேலூருக்குப் போனார் என்பதைப்போலவே அது எனக்குக் கேட்டது. போனவர் ஏன் திரும்பவில்லை என்று நான் கேட்டதில்லை. சுரங்கம் மூடி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆட்கள் பிழைப்புத் தேடி எங்கெங்கோ போவதும், மாதக்கணக்கில் வராமலிருப்பதும் எங்கள் லைனில், சுரங்கத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், சகஜமாகியிருந்த காலம் அது.

அப்பாவும் விடியற்காலையில் ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி, பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்புகிறவர்தான். சுரங்கத்தில் பாறையைத் துளைபோட்டு வெடிவைக்கிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர், மீதிக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் பங்குக்கும் சேர்த்து சித்தப்பா பேசுவார். சித்தப்பா அப்பாவைவிடப் பதினைந்து வயது இளையவர், கல்யாணம் ஆகாதவர், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். சுரங்கத்தின் மேலே பட்டறையில் வேலை பார்த்தாரே தவிர, ஒரு நாளும் கேஜ் என்கிற கூண்டில் ஏறிக் கீழே இறங்கியதில்லை. அப்பா இறங்கவிட்டதில்லை.

பட்டறையும் மூடியபிறகு சித்தப்பா வீட்டோடு இருந்தார். ஊருக்கெல்லாம் அது கவலை, எனக்கு மட்டும் கொண்டாட்டம். சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய்விடுவது, பொன்வண்டு பிடித்துத் தருவது, சாம்பாரில் கிடக்கும் முருங்கைக்காயை அம்மா பார்க்காத நேரத்தில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்பது எல்லாம் அவர்தான். அப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டுபோக ஒரு மேஸ்திரி வந்துசேர்ந்தான்.

வடக்கே எங்கேயோ பனி கொட்டுகிற மலையைக் குடைந்து பாதை போடுகிறார்களாம். அதற்குத் தங்கவயல் ஆட்கள்தான் வேண்டுமாம். தங்கவயல்காரன் என்றாலே பிறக்கும்போதே துளைபோடக் கற்றுக்கொண்டு பிறப்பான் என்று வெளியூர்களில் ஒரு நம்பிக்கை. எங்கள் சித்தப்பாவோ, கரண்டு போனால் டார்ச் இல்லாமல் கொல்லைப்பக்கம் போகமாட்டார். அவரைத்தான் மேஸ்திரி டனல் வேலைக்குப் பேர் எழுதிக்கொண்டான். மாதா திருவிழா அன்று சாயந்திர ரயிலில் கிளம்புவது என்று ஏற்பாடு.

இந்தச் செய்தியைக் கேட்ட அன்று அப்பா சாப்பிடவில்லை. அடுத்த வாரச் சம்பளத்தன்று பெங்களூரிலிருந்து ஒரு நீள மூட்டையோடு வந்தார். போர்வையால் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. ரயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் குடைக்கம்பி என்று சொன்னாராம். அம்மா பிரித்துப் பார்த்தாள். உள்ளே புத்தம்புது ஏர்கன், எண்ணெய் மினுமினுக்கும் குழாயோடு படுத்துக்கொண்டிருந்தது.

"பாப்பாவுக்கு ஷூ வாயப் பொளந்துகினு கீது. நீங்க இன்னாடான்னா துப்பாக்கி வாங்கினு வந்துகீறீங்க. இன்னாத்துக்கு, காக்கா சுடவா?" என்றாள் அம்மா.

அப்பா துப்பாக்கியைச் சித்தப்பா மடியில் வைத்தார். மாதா திருவிழாவில் பலூன் சுடுகிற கடை போடு, நன்றாக ஓடினால் கோலார், முல்பாகல், பங்காருபேட்டை என்று வருடம் முழுக்கத் திருவிழாக்கள் இருக்கின்றன என்றார். அவ்வளவு நீளமாக அப்பா பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஃபிட்டர் படிச்சவன் பலூன் ஊதினு குந்தறதா? நாலு பேரு இன்னா சொல்வாங்கண்ணா?" என்று சித்தப்பா சிரித்தார். பிறகு அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "சரிண்ணா. திருவிழா வரிக்கும் பாக்கறேன். கட ஓடிச்சினா இருக்கறேன். ஓடலன்னா மேஸ்திரியோட வண்டி ஏறிடுவேன். அப்பறம் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

நான் மனதுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் ஒத்திகை. எங்கள் லைனுக்குப் பின்னால் கொஞ்சம் வெட்டவெளி, அதற்கும் அப்பால் சுரங்கக் கழிவு கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைடு மேடு. பழைய கட்டில் பலகை ஒன்றை நிற்கவைத்து, அதில் வரிசையாகப் பலூன்களைக் கட்டினார்கள். ஊதியதில் பாதி நான். லைனே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. சித்தப்பா பெரிய வேட்டைக்காரர்போலக் காலை அகட்டி நின்று, குழாயை மடக்கித் திறந்து, ஈயக்குண்டைப் போட்டு, மூடி, குறிபார்த்துச் சுட்டார்.

பலூன்கள் தலையாட்டிக்கொண்டிருந்தன. மறுபடி சுட்டார். பலகைக்கு வெளியே இருந்த எருக்கஞ்செடியிலிருந்து ஓர் இலை விழுந்தது. சிவப்புக்குக் குறிவைத்தால் குண்டு மஞ்சளையும் தாண்டிப் போயிற்று, மஞ்சளுக்குக் குறிவைத்தால் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எதிர்வீட்டு மாமா வாங்கிச் சுட்டார். அவர் அப்பாவுக்கும் மாமா, எனக்கும் மாமா, தாத்தாவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அவர் சுட்டதும் பலூனில் படவில்லை. பலூன்களுக்கு இப்படியொரு சௌக்கியமான ஞாயிற்றுக்கிழமை வாய்த்திருக்காது.

சித்தப்பா குழாயை மடக்கி வாய்ப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஈயத்தூள் ஒட்டியது. "இன்னாண்ணா இது, புது கன்னுல இவ்ளோ பிசிறு? உள்ள சொரசொரன்னு கீது. குண்ட சீவித் தள்ளுது. அப்பறம் எங்க நேரா போவும்?" என்றார். கடைந்தெடுத்த குழாயின் ஓரங்களை யாரும் மழுக்காமல் அப்படியே விற்றிருக்கிறார்கள். சுடச் சுடச் சரியாகிவிடும் என்று கடைக்காரன் சொன்னதாக அப்பா முனகினார். அடுத்த ஞாயிறு திருவிழா. அதற்குள் எவ்வளவு சுடுவது?

"பிடுண்ணா" என்று சித்தப்பா கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சலித்துக்கொண்டார். "வுட்ரு. நமக்கு இது சரிப்படாது. மேஸ்திரி காத்துகினு கீறான்."

சொல்லிக்கொண்டே இன்னொரு குண்டைப் போட்டு விசையை அழுத்தினார். இந்தத் தடவை 'டப்' என்ற சத்தம்கூட வரவில்லை. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். குண்டு வெளியே வரவில்லை, பாதிவழியில் எங்கேயோ சிக்கிக்கொண்டுவிட்டது. சித்தப்பா துப்பாக்கியைத் திருப்பி, குழாயின் முனையில் ஒரு கண்ணை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மிஸ்ஃபயர்!"

அந்தக் குரல் அப்பாவுடையது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வீட்டில் அவர் தண்ணீர் கேட்பதே பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். "மிஸ்ஃபயர்! எல்லாம் பின்னால போ! போ!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தார். சித்தப்பாவின் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, முனை சயனைடு மேட்டைப் பார்க்கத் தரையில் வைத்தார். ஒரு கையால் சித்தப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, இன்னொரு கையில் என்னை இடுக்கிக்கொண்டு, லைன் முனைவரை ஓடினார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். யாரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சுரங்கத்தில் வேலை செய்திருந்த ஆண்கள் அத்தனைபேரும், யாரோ பொத்தானை அழுத்தியதுபோல, ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள். ஒருவர் சந்து வாயில், ஒருவர் குழாயடியில், ஒருவர் கோயிலுக்குப் போகிற குறுக்குப்பாதையில். கையை விரித்து வருகிறவர்களை மறித்தார்கள். குடத்தோடு வந்த பெண்கள் குடத்தோடேயே நின்றார்கள். சைக்கிளில் வந்த பால்காரரை இறக்கி ஓரமாக நிற்கவைத்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அரமணி" என்றார். பொட்டல் நடுவே அந்த ஏர்கன் கிடந்தது. அதற்குள் இருந்தது ஒரு ஈயக்குண்டும் கொஞ்சம் காற்றும்தான்.

துளைக்குள் வைத்த மருந்து வெடிக்காமல் தங்கிவிட்டால் அதற்குப் பெயர் மிஸ்ஃபயர் என்பதும், அது எந்த நேரமும் வெடிக்கலாம் என்பதால் எல்லோரும் விலகி அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும் என்பது சுரங்கத்தின் சட்டம் என்பதும், பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக நானே தெரிந்துகொண்டவை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் பஸ் கண்டக்டர்கள் கத்துவது எப்படி என்பதுதான். பஸ் வந்து நின்றதும் "ஊரிகம், ஊரிகம்!" என்று கூவுவார்கள். அப்பாவும் அதேபோல ஊர்ப்பெயரைக் கூவியிருக்கிறார். பெரியவர்கள் வழியை ஒழுங்குபடுத்தி நிற்கிறார்கள். அப்படியென்றால் வண்டி வரப்போகிறது.

அப்பாவின் பிடி தளர்ந்ததும் நழுவி, ரோட்டைப் பார்க்க ஓடினேன். சந்து வாயில் நின்ற எதிர்வீட்டு மாமா என் கவுனைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க கண்ணு ஓடற?"

"தாத்தா வந்துட்டாரான்னு பாக்க."

"எந்தத் தாத்தா?"

"எங்க தாத்தாதான். மிஸ்ஃபயர்ல போனாரே, அந்தத் தாத்தா."

மாமா என்னையே பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். சொரசொரப்பான, சூடான கைகள். வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு கொப்பரைத் துண்டை எடுத்து எனக்குக் கொடுத்தார். வருவார் என்றும் சொல்லவில்லை, வரமாட்டார் என்றும் சொல்லவில்லை. கொப்பரை கிடைத்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பால்காரர் பொறுமையிழந்தார். "இன்னா சார் இது, காத்து துப்பாக்கிக்குப் போயி அரமணியா? பால் திரிஞ்சிடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா துப்பாக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அரமணின்னா அரமணி" என்றார். அவருடைய கை இன்னமும் சித்தப்பாவின் காலரிலேயே இருந்தது. சித்தப்பா விடுவித்துக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் வந்து நின்றார். தனக்குத்தானே பேசுகிறவர்போல ஆரம்பித்தார். "அன்னைக்கி உங்கப்பனும் அரமணி இருந்திருந்தா... அவன் இன்னா பண்ணுவான் பாவம், அவசரம். வூட்ல கைக்கொழந்தைக்கு இழுப்பு வந்திட்ச்சின்னு மேலேருந்து சேதி அனுப்புனாங்க. இந்த ஓட்டைய முடிச்சிட்டா ஷிப்ட் முடிஞ்சிடும், ஓடிப்போயி கொழந்தைய பாக்கலாம்னு..."

"மாமா, உடுங்க" என்றார் அப்பா.

மாமா நிறுத்திக்கொண்டார். சித்தப்பா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "இத்த நீ எங்கிட்ட சொல்லவே இல்லியேண்ணா" என்றார். அப்பா காலரைப் பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டார். எனக்குக் கொப்பரையை மெல்லுவதே பெரிய வேலையாக இருந்தது. கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது ஊருக்குப் போன தாத்தாமேல் கொஞ்சம் வருத்தமும் வந்தது. அந்தக் குழந்தை யார், பிழைத்ததா என்று எனக்குத் தெரியாது. பிழைத்து, வளர்ந்து, ஃபிட்டர் படித்து, காலரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அரைமணி ஆனதும் அப்பா தனியாகத்தான் போனார். யாரும் கூட வரக்கூடாது என்று கையால் காட்டிவிட்டுப் போனார். துப்பாக்கியை மடக்கி, ஒரு கம்பியை விட்டுத் தள்ளி, சிக்கியிருந்த குண்டைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு பக்கம் சீவி, நசுங்கி, குழந்தைக்கு விழுந்த பால்பல்லைப்போல இருந்தது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் மூச்சுவிட்டுக் கலைந்தார்கள். பால்காரர் மணியடித்துக்கொண்டு பறந்தார்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அப்பா வாசலில் சாக்கைப் போட்டுத் துப்பாக்கியோடு உட்கார்ந்தார். எப்படிச் செய்வதென்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. வெடிமருந்து வைப்பதற்கு முன்னால் பாறைத் துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற பழக்கத்தில், கம்பியில் துணியைச் சுற்றிக் குழாய்க்குள் முன்னும் பின்னுமாகக் குத்தினார். சித்தப்பா சற்றுநேரம் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வந்து எதிரே உட்கார்ந்து, "குடுண்ணா. இது பாறை இல்ல, இப்டி குத்தினா இன்னும் கீறும். ஒரே பக்கமா இழுக்கணும்" என்றார். அப்பா கம்பியையும் துப்பாக்கியையும் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா பட்டறைப் பெட்டியைத் துழாவி, தலை உருண்டையாக இருக்கிற ஒரு பித்தளைத் திருகாணியை எடுத்தார். லாரி மெக்கானிக்குகள் வைத்திருக்கிற அரைக்கிற பசையை அதன் தலையில் பூசி, குழாயின் முனையில் வைத்து, மோர் கடைவதுபோல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே சுழற்றினார். முனையின் பிசிறு அப்படித்தான் போயிற்று. குண்டு போடுகிற பக்கத்தைத் தண்ணீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் வருடி வருடி மழுக்கினார். உள்ளே வழவழப்பாக்குவதற்கு மிருதுவான துணி வேண்டும் என்றார்.

அப்பா எழுந்து உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு வெள்ளை ஃபிளானல் துணியைக் கொண்டுவந்தார். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஐயோ, அது பாப்பா பொறந்தப்ப சுத்துனது!"

"அதான் மெத்துனு கீது" என்றார் அப்பா.

அம்மா வாயைத் திறந்தாள். வாசலில் அண்ணனும் தம்பியும் தலையோடு தலை முட்டக் குனிந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு அவளே கத்திரிக்கோலை எடுத்து, என் முதல் துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொடுத்தாள். பித்தளைப் பாத்திரம் விளக்குகிற பாலிஷில் அதைத் தோய்த்து, மீன்பிடி நரம்பில் கட்டி, குண்டு போடுகிற பக்கம் விட்டு முனைப்பக்கம் இழுத்தார்கள். ஒரு முனையில் அப்பா, ஒரு முனையில் சித்தப்பா. முதல் துண்டு கறுப்பாக வந்தது. அதற்கப்புறம் வந்தவை கரும்பச்சை, சாம்பல், அழுக்கு மஞ்சள். நடுநடுவே ஒரு குண்டைப் போட்டுக் குச்சியால் மெதுவாகத் தள்ளி, எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார்ப்பார்கள். "இங்க நிக்குதுண்ணா." "இன்னொருக்கா இழு." அந்த மத்தியானம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். நடுவில் ஒரு தடவை சித்தப்பா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலிஷ் நெடி என்று நினைத்தேன். எனக்கும் அது கண்ணைக் கரித்தது.

வெயில் தாழ்ந்த வேளையில் ஒரு துண்டு, போட்டது போட்டபடி வெள்ளையாகவே வெளியே வந்தது. அப்பா அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சித்தப்பா குண்டைப் போட்டு, வாசலில் இருந்தபடியே, வேலியில் மிச்சமிருந்த ஒரு நீல பலூனைக் குறிவைத்தார். டப் என்றது. பலூன் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. நான் குதித்தேன், அம்மா கைதட்டினாள். அப்பா மட்டும் எழுந்து உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

திருவிழா அன்று கோயில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி எங்கள் கடை. ஜிகினாத்தாள் ஒட்டிய பலகை நிறையப் பலூன். காலைப் பூசை முடிந்ததிலிருந்தே கூட்டம். சித்தப்பாவின் வாய்க்கு அன்றுதான் சரியான வேலை கிடைத்தது. "வாங்க வாங்க, குண்டு நேரா போவும், கை கோணலா இருந்தா நாங்க பொறுப்பில்ல!" என்று அவர் கத்த, வாலிபர்கள் ரோஷத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள். அப்பா சுண்ணாம்பால் தரையில் ஒரு கோடு போட்டிருந்தார். துப்பாக்கி கைமாறும்போதெல்லாம் கோட்டருகே நின்று கையை நீட்டிக் குழந்தைகளைப் பின்னால் தள்ளுவார். "இன்னாப்பா, சேஃப்டி ஆபீசரா?" என்று பழைய கூட்டாளிகள் கேலிசெய்தார்கள். அவர் கோட்டைவிட்டு அசையவில்லை.

மூன்று மணி வாக்கில் மேஸ்திரி தோளில் பையோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான். "இன்னா தம்பி, ரெடியா? வண்டிக்கு நேரமாவுது" என்றான்.

அப்பாவின் கை, ஒரு குழந்தையின் தலைமேல் வைத்தது, அப்படியே நின்றுவிட்டது.

சித்தப்பா குழாயை மடக்கி, குண்டைப் போட்டு, துப்பாக்கியை மேஸ்திரியிடம் நீட்டினார். "ஒரு பலூன் சுடு மேஸ்திரி. உனக்கு ஃப்ரீ" என்றார். அவன் சுட்டான். நடுவில் இருந்த பச்சை வெடித்தது. அவனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. சித்தப்பா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "நான் வர்ல மேஸ்திரி. எனுக்கு இங்க வேல கீது. நீ பாத்து போய்ட்டு வா. அரமணின்னா அரமணி இரு, அவசரப்படாத" என்றார். கடைசியில் சொன்னது மேஸ்திரிக்குப் புரிந்ததோ என்னவோ, தலையாட்டிவிட்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தான்.

அப்பா சுண்ணாம்புக் கோடு அழிந்திருந்த இடத்தைக் குனிந்து மறுபடி போட்டார். போட்ட இடத்திலேயே இரண்டு மூன்று தடவை போட்டார்.

தேர் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. எனக்குக் கால் வலித்தது. அப்பா வீட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி என்னைத் தூக்கிக்கொண்டார். சித்தப்பா பலகையிலிருந்த ஒரு சிவப்பு பலூனை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். அன்றைக்கு இருந்ததிலேயே பெரிய பலூன். அதை யாருக்குக் கொடுப்பது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

பாதிவழியில், சயனைடு மேடு தெரிகிற திருப்பத்தில் கேட்டேன். "ப்பா, நாம எப்பப்பா மிஸ்ஃபயருக்குப் போறது?"

அப்பா நின்றுவிட்டார். "இன்னா கேட்ட?"

"மிஸ்ஃபயருக்கு. தாத்தா கீறாரே. இந்த பலூன் அவருக்கு."

அப்பா என்னைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி, முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவருடைய சட்டையில் பித்தளைப் பாலிஷ் வாசனை இன்னும் போகவில்லை.

"போவ மாட்டோம் பாப்பா" என்றார். "இனிமே நம்ம வூட்லருந்து யாருமே அங்க போவ மாட்டோம்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது சந்தோஷம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெற்ற தகப்பனைப் போய்ப் பார்க்காததுமல்லாமல், மற்றவர்களையும் போகவிடாமல் செய்துவிட்டு, அதற்காகச் சந்தோஷப்படுகிற இவர் என்ன மனிதர் என்று நினைத்தேன். அந்தத் தோளில் சாய்ந்தபடியே, பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வீடு வந்துசேரும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.